ஹனுக்கா

யூதர்கள் எட்டு நாள் கொண்டாடும் விளக்குத் திருவிழா ஹனுக்கா. அவர்களுடைய நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கும். நமக்கு அது நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ வரும். பஸ்கா, கூடாரப் பண்டிகை ஆகியவற்றுக்கு மோசேயின் நூல்களில் விதி உண்டு. ஹனுக்காவுக்கு இல்லை. அதனால் சமயச் சட்டப்படி இது சிறிய பண்டிகைதான். இந்நாட்களில் வேலை செய்யத் தடையில்லை.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யூதேயாவை ஆண்டது செலூக்கியக் கிரேக்கப் பேரரசு. கி.மு. 167 வாக்கில் அரசன் நான்காம் அந்தியோக்கு விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்தான். எருசலேம் ஆலயத்தில் கிரேக்கக் கடவுள் சீயுஸின் வழிபாட்டைப் புகுத்தினான். அவனுடைய நோக்கம் என்ன என்பது பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. எருசலேமிலேயே கிரேக்க வாழ்க்கை முறையை விரும்பிய யூதர்கள் இருந்தார்கள். தலைமைக் குரு பதவியை அரசனிடம் பணம் கொடுத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். இதன்பின் மூண்டதை அந்நியனை எதிர்த்த போர் என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. மோதயின் ஊர்க் குருவான மத்தத்தியா கிளர்ச்சியைத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன் யூதா மக்கபே படை நடத்தி எருசலேமை மீட்டார். கி.மு. 164இல் ஆலயம் தூய்மை செய்யப்பட்டு, புதிய பலிபீடத்தோடு மறுபடி அர்ப்பணிக்கப்பட்டது. ஹனுக்கா என்றால் அர்ப்பணிப்பு.

இதைச் சொல்லும் பழைய நூல்கள் இரண்டு மக்கபேயர் ஆகமங்கள். யூதர்களின் மறைநூல் தொகுப்பில் அவை இடம்பெறவில்லை. கிரேக்க மொழியில் கிறிஸ்தவர்களால் காப்பாற்றப்பட்டன. தமிழில் கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் அவற்றைப் படிக்கலாம்; புராட்டஸ்டன்ட் சபைகளின் வேதாகமத்தில் கிடையாது. எட்டு நாள் ஏன் என்பதற்கு இரண்டாம் நூல் எளிய காரணம் தருகிறது: மலைகளிலும் குகைகளிலும் பதுங்கியிருந்ததால் தவறவிட்ட கூடாரப் பண்டிகையின் முறையில் இதைக் கொண்டாடினார்களாம். இன்று எல்லோருக்கும் தெரிந்த எண்ணெய் அற்புதம் இரு நூல்களிலும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் இப்பண்டிகையை ‘விளக்குகள்’ என்றே குறிப்பிடுகிறார். அவரும் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் கதையைச் சொல்வது பல நூற்றாண்டு கழித்துத் தொகுக்கப்பட்ட யூத சமயச் சட்ட நூலான பாபிலோனியத் தால்முத். தலைமைக் குருவின் முத்திரை உடையாத ஒரே ஒரு குப்பி கிடைத்தது. ஒரு நாளுக்கே போதுமான அந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது. போர் அங்கே ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. மக்கபேயரின் வாரிசுகள் குருத்துவத்தோடு அரியணையையும் எடுத்துக்கொண்டு தமக்குள் அடித்துக்கொண்டார்கள், கி.மு. 63இல் ரோமானியர் உள்ளே வந்தார்கள். பிறகு ரோமுக்கு எதிரான கிளர்ச்சிகள் கி.பி. 70இலும் 135இலும் பேரழிவில் முடிந்தன. வாளைப் போற்றும் விழா யூத சமய ஆசிரியர்களான ரபிகளுக்கு வேண்டியிருக்கவில்லை.

விளக்கேற்றும் முறையிலும் சச்சரவு இருந்தது. ஷம்மாய் என்ற ரபியின் மரபினர் முதல் நாள் எட்டு ஏற்றி, நாளுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஹில்லேல் என்ற ரபியின் மரபினர் ஒன்றில் தொடங்கிக் கூட்டினார்கள். புனிதத்தில் ஏறவேண்டுமே தவிர இறங்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். ஹில்லேல் முறையே நிலைத்தது. இந்த வெளிச்சத்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ கூடாது. ஆகவே மற்றவற்றை ஏற்ற ஒன்பதாவதாக ஷமாஷ் என்ற பணியாள் விளக்கு சேர்ந்தது. ஆலயத்தில் இருந்த குத்துவிளக்குக்குக் கிளைகள் ஏழு. ஹனுக்கா விளக்குக்கு ஒன்பது. அற்புதம் ஊருக்குத் தெரியும்படி அதை வாசலுக்கு வெளியே வைக்கவேண்டும். ஆபத்துக் காலமானால் மேசைமேல் போதும் என்கிறது தால்முத். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

எண்ணெயை நினைவூட்டப் பொரித்த பண்டங்கள் உண்டு: கிழக்கு ஐரோப்பிய வழியினருக்கு உருளைக்கிழங்கு அடை, இஸ்ரேலில் ஜாம் வைத்த சுஃப்கானியா. நான்கு எபிரேய எழுத்துகள் பொறித்த டிரைடல் பம்பரம் ஜெர்மானியச் சூதாட்டப் பம்பரத்திலிருந்து வந்தது. அந்தியோக்கின் காலத்தில் தோராவை (மோசேயின் நூல்களை) ஒளித்துப் படித்த சிறுவர்கள் அதைச் சுற்றினார்கள் என்பது பிற்காலக் கதை.

இந்தியாவில் கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் சமூகம் நெடுங்காலம் ஹனுக்காவை அறியாமல் இருந்தது. தம் முன்னோர் அந்தியோக்கின் கொடுமைக்குத் தப்பி, ஆலயம் மீட்கப்படும் முன்பே கப்பலேறியவர்கள் என்பதற்கு இதையே சான்றாகச் சொல்வார்கள். இதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனால் ஓய்வுநாளை அவர்கள் விடவில்லை: சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய் வாணியர் என்பதால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் ‘சனிவார் தேலி’ என்று அழைத்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த யூதத் தேசிய இயக்கமான சியோனியம் ரபிகள் ஒதுக்கிய வாளை மீண்டும் கையிலெடுத்தது. மக்கபேயர் தேசிய வீரர்களானார்கள். 1932இல் டெல் அவிவில் தொடங்கிய யூத விளையாட்டுப் போட்டிக்கு மக்கபியா என்றே பெயர். அமெரிக்காவில் கிறிஸ்துமஸின் பக்கத்தில் வருவதாலேயே இந்தச் சிறிய பண்டிகை பெரிதானது. 1970களில் ஹபாத் என்ற யூத சமய இயக்கத்தார் பொது இடங்களில் பெரிய ஹனுக்கா விளக்குகளை நிறுத்தத் தொடங்கினார்கள்; 1979இல் வாஷிங்டனில் அதிபர் கார்ட்டர் வந்து ஏற்றினார். அரசு நிலத்தில் மதச் சின்னம் தகுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பிட்ஸ்பர்க் நகரின் அரசுக் கட்டடத்துக்கு வெளியே கிறிஸ்துமஸ் மரத்தின் அருகில் நின்ற விளக்கை 1989இல் நீதிமன்றம் அனுமதித்தது.