பழைய பஞ்சாங்கம்

சித்திரை பிறந்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்துக்கு வீட்டில் இடமில்லை. புதியதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிப் பூஜை மாடத்தில் வைத்த கையோடு, பழையதைப் பேப்பர்க்காரருக்குப் போடும் கட்டில் சேர்த்துவிடுவோம். கும்பகோணத்தில் அந்தக் கட்டைத் தேடிப் போன ஒருவர் இருந்தார். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பழைய பேப்பர் கடைகளில் தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். எடைக்கு வாங்கி, மஞ்சள் பையில் போட்டு, சைக்கிளில் கொண்டுவருவார். சென்ற குரோதி ஆண்டு தை மாதம் அவர் காலமானார். முப்பது ஆண்டுகள் அவருக்கு நான் தம்பி. எனக்கு அவர் அண்ணா.

அவர் வீட்டு ரேழியில் சுவரோடு சுவராக ஒரு மர அலமாரி. அதில் அறுபது அறைகள், பிரபவ முதல் அட்சய வரை. ஒவ்வோர் அறையிலும் ஒரே பெயருள்ள ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பிரபவ என்றால் 1927, அதன் மேல் 1987. பாம்புப் பஞ்சாங்கம், ஸ்ரீரங்கம், காஞ்சி மடம், யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்த வாக்கியப் பஞ்சாங்கங்கள் என எல்லாம் கலந்திருக்கும். ஊரில் சிலர் அவரையே ‘பழைய பஞ்சாங்கம்’ என்பார்கள். அவர் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டார்.

எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்ட காலம் உண்டு. ஒருநாள் பதில் கிடைத்தது. ஓர் அம்மாள் தம் தந்தையின் ஜாதக நோட்டையும் கம்ப்யூட்டர் போட்ட ஜாதகத்தையும் கொண்டுவந்தார். ஜனன கால சுக்கிர திசை இருப்பு இரண்டிலும் ஒன்றரை வருஷம் வித்தியாசம். “தாத்தா எழுதிவச்சது தப்பாங்க?” என்று கேட்டார். அண்ணா எழுந்துபோய் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தை எடுத்து, நட்சத்திர நாழிகையில் விரலை வைத்துத் தாளில் கணக்குப் போட்டார். நோட்டில் இருந்த இருப்பு அப்படியே வந்தது. “எழுதினவர் தப்புப் பண்ணலை அம்மா. அவர் கையில இருந்தது இந்த வாக்கியம்” என்றார். ஒரு நட்சத்திரம் 800 கலை. சுக்கிர திசை 20 வருஷம். சந்திரன் ஒரு பாகை, அதாவது 60 கலை, மாறினாலே திசை இருப்பில் 18 மாதம் மாறிவிடும். அந்தப் பழைய பஞ்சாங்கம் மட்டும் இல்லாதிருந்தால் ஒரு நல்ல கணக்கர் காலத்துக்கும் தப்பானவர் ஆகியிருப்பார்.

பழைய முறையான வாக்கியத்துக்கும், கம்ப்யூட்டர் பின்பற்றும் இன்றைய கணிதமான திருக்கணிதத்துக்கும் உள்ள வழக்கை எல்லோரும் சனிப்பெயர்ச்சியின்போதுதான் நினைக்கிறோம். 2023 ஜனவரி 17இல் திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனார். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் விழா டிசம்பர் 20இல்தான். இதில் எது சரி என்று சண்டையிட அண்ணா விரும்பியதில்லை. இன்றைய வானத்துக்குத் திருக்கணிதமே சரி என்று தயங்காமல் சொல்வார். ஆனால் வாக்கியம் என்றால் என்ன என்று தெரியாமல் அதைத் தள்ளுகிறவர்களைக் கண்டால் அவருக்கு மனம் நோகும்.

சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து, மறுபடி அப்படி வர இருபத்தேழரை நாளுக்குச் சற்று மேலாகும். அது ஒன்பது முறை நிகழ்ந்தால் ஏறக்குறைய 248 நாள். அந்த 248 நாளுக்கும் நாளுக்கொன்றாக, சந்திரன் நகர்ந்த அளவைச் சிறு சிறு சொற்றொடர்களில் அடைத்துவைத்தார்கள். அந்தச் சொற்றொடர்களே வாக்கியங்கள். அவற்றை வரருசி பெயரால் வழங்குகிறோம். எழுத்துகளே எண்கள். முதல் வாக்கியத்தை வலமிருந்து இடமாக எண்ணினால் 12 பாகை 3 கலை. இங்கேதான் அண்ணாவின் கவலை தொடங்கும். வடமொழிக் ககரம் நான்கு. முதலாவதற்கு 1, மூன்றாவதற்கு 3. தமிழில் எழுதினால் நான்குக்கும் ஒரே ‘க’. கிரந்த ஏட்டைப் பார்த்துத் தமிழெழுத்தில் படி எடுத்த அன்றே எண் தொலைந்துபோகும். இதற்காகவே ஐம்பது வயதுக்கு மேல் கிரந்தம் கற்றார். 1962இல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் சென்னையில் பதிப்பித்த ‘வாக்யகரண’த்தை அட்டை பிய்ந்துபோகும் வரை படித்தார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று. ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’த்தில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவில் இருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது. நடு 23, முடிவு 52. இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் 1952இல் வானியல் வரலாற்றாய்வாளர் நாய்கபவர் தமிழர் வானியல் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அந்த மனிதருக்குத் தத்துவம் ஒன்றும் தெரியாது என்று வாரன் குறித்திருப்பது அண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. “காகிதமில்லாம, மனசிலேயே வச்சு, நாலு நிமிஷத்துக்குள்ள ஆரம்பத்தைச் சொன்னவன் தம்பி” என்பார். சொல்லும்போது கை தானாகச் சோழி நகர்த்தும்.

ஒருமுறை ஒரு நூலகத்துக்குத் தம் சேகரிப்பைத் தர முன்வந்தார். பஞ்சாங்கம் ஓராண்டுப் பொருள், நூல் கணக்கில் வராது என்று திருப்பி அனுப்பினார்கள். வரும் வழியில் அவர் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் ‘இந்தியன் எபிமெரிஸ்’ தொகுதி ஒன்றை என் மடியில் வைத்தார். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்குமான திதி, நட்சத்திரக் கணக்கு அந்த வரிசையில் உண்டு. கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் மட்டும் இருக்கும்போது, எந்த நாள் என்று அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். பஞ்சாங்கக் கணக்கு இல்லாமல் நம் வரலாற்றுக்குத் தேதியே இல்லை என்பதை அவர் அன்று வாயால் சொல்லவில்லை.

2019 டிசம்பர் 26, விகாரி மார்கழி 10. சூரிய கிரகணத்தன்று மொட்டை மாடியில் தென்னங்கீற்று நிழலுக்கருகே உட்கார்ந்திருந்தோம். கீற்றின் இடுக்கு வழியே விழுந்த வெளிச்சப் புள்ளிகளெல்லாம் பிறை பிறையாகத் தரையில் கிடந்தன. அண்ணா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, மடியிலிருந்த பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஸ்பரிசம், மத்தியம், மோட்சம். அச்சிட்ட நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் எழுதினார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். விசுவாவசு அறையில் 1965இன் பஞ்சாங்கத்துக்கு மேல் 2025க்கானது இருந்தது. மகள் கடைவீதியில் வாங்கி வைத்திருக்கிறாள். கிரகணப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பென்சில் சொருகியிருந்தது.