பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் முன்: ஜோர்ஜ் பிறைஸ் உறங்கும் மயானம்

நவம்பர் பிறந்ததும் எங்கள் பிள்ளைகள் பொப்பிப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறார்கள். 11ஆம் திகதி பதினொரு மணிக்கு நாங்களும் வேலைத்தலத்தில் எழுந்து இரண்டு நிமிடம் நிற்கிறோம். கனடாவுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், யாருக்காக நிற்கிறோம் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல எங்களிடம் ஒரு பெயர்கூட இருப்பதில்லை. ஒரு பெயரை இங்கே தருகிறோம்.

ஜோர்ஜ் லோறன்ஸ் பிறைஸ் 1892இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, சஸ்கச்சுவானில் உள்ள மூஸ் ஜோவில் வாழ்ந்தவர். தானாகப் போய்ச் சேரவில்லை. 1917 ஒக்டோபரில் கட்டாய ஆட்சேர்ப்பில் எடுக்கப்பட்டு 28ஆவது படைப்பிரிவில் சாதாரண சிப்பாயானார். 1918 நவம்பர் 11 அதிகாலை ஐந்து மணியளவில் போர்நிறுத்தம் கைச்சாத்தானது. நடைமுறைக்கு வருவது காலை 11 மணிக்கு. இடையில் இருந்த ஆறு மணித்தியாலத்திலும் துப்பாக்கிகள் ஓயவில்லை. பெல்ஜியத்தில் மொன்ஸ் நகருக்கு அருகே, வில்-சுர்-ஏன் கிராமத்தில், கால்வாயைக் கடந்து வீடுகளைச் சோதித்த ஒரு சிறு குழுவில் பிறைஸ் இருந்தார். ஒரு வீட்டிலிருந்து வெளியே காலெடுத்து வைத்தபோது குண்டு பட்டது. உயிர் பிரிந்த நேரம் 10.58. வயது 25. மேற்குப் போர்முனையில் கடைசியாக விழுந்த கனடியப் படைவீரராக அவரைக் கணக்கிடுகிறார்கள்.

இன்று அவர் இருப்பது மொன்ஸுக்குக் கிழக்கே உள்ள சென் சிம்போரியன் இராணுவ மயானத்தில். இந்த மயானத்தைத் தொடங்கியவர்கள் ஜேர்மனியர்கள் என்பதை நாங்கள் அறிந்தபோது ஆச்சரியப்பட்டோம். 1914 ஓகஸ்ட் 23 நடந்த மொன்ஸ் சண்டைக்குப் பிறகு, இறந்தவர்களை அடக்க அவர்களுக்கு நிலம் தேவைப்பட்டது. ஜோன் ஊசோ து லெஹே என்ற உள்ளூர்ப் பெரியவர் தன் காணியைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: பிரித்தானியரின் உடல்களும் அதே மரியாதையுடன் புதைக்கப்பட வேண்டும். ஜேர்மனியர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். எதிரியான மிடில்செக்ஸ் படைப்பிரிவுக்கு அங்கே ஒரு தூணும் எழுப்பினார்கள். அதில் அந்தப் பிரிவின் பெயருக்கு முன் இல்லாத 'றோயல்' பட்டத்தையும் சேர்த்துப் பொறித்துவிட்டார்கள்! இன்று இரு தரப்பினரும், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், மரங்களுக்கிடையே ஒரே வளவில் கிடக்கிறார்கள்.

போரில் முதலில் கொல்லப்பட்ட பிரித்தானியச் சிப்பாயாகக் கருதப்படும் ஜோன் பாரின் கல்லும் இங்கேதான். கல்லில் வயது 20. உண்மையில் 17, கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர். அவருக்கு எதிரே சில அடி தள்ளி, கடைசியாக விழுந்த பிரித்தானியச் சிப்பாயான ஜோர்ஜ் எலிசன். யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை.

இந்த மயானங்களைப் பராமரிப்பது 1917இல் ஃபேபியன் வெயர் முயற்சியால் உருவான பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம். 1915இல் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரனது உடல் பிரான்சிலிருந்து ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. வசதியுள்ளவன் பிள்ளை வீடு வரலாம், ஏழையின் பிள்ளை வர முடியாதா என்ற கேள்வி எழுந்தது. ஒருவரையும் கொண்டுவருவதில்லை என்று முடிவாயிற்று. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், உயரம் ஏறத்தாழ 81 சென்ரிமீற்றர். பெயர், படைப்பிரிவின் சின்னம், இறந்த திகதி. கீழே குடும்பத்தவரின் வாசகம், இடைவெளி உட்பட 66 எழுத்துக்குள். ஆரம்பத்தில் அதற்கு எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்டார்கள், பிறகுதான் விரும்பினால் தரலாம் என்றானது. கணக்கு எழுதியே வயிறு வளர்க்கும் எங்களுக்கு, மகனுக்காக எழுத்தெண்ணிப் பார்த்திருக்கும் தாய்மாரை நினைக்காமல் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

ஆணையத்தின் செலவை அங்கத்துவ நாடுகள் தத்தம் கல்லறைகளின் விகிதப்படி பகிர்கின்றன. கனடாவின் பங்கு ஏறத்தாழ பத்து வீதம்; எங்கள் வரிப்பணமும் அதில் சேர்கிறது.

வீரனின் பெயரைக் கல்லில் பொறித்து நட்டு வழிபட்ட வழக்கம் தமிழருக்குப் பழையது. கார்த்திகையில் விளக்கேற்ற ஒரு கல்லும் மிஞ்சாமல் போன குடும்பங்கள் எங்களுக்குள் இருக்கின்றன. அதனால்தான் லெஹேயின் நிபந்தனையை நாங்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறோம்.

போக விரும்புவோர் முதலில் ஆணையத்தின் இணையத் தேடலில் பெயரைக் கொடுத்தால் மயானமும் கல்லின் வரிசையும் கிடைக்கும். கனடியர்களுக்கு, படைவீரர் விவகாரத் திணைக்களத்தின் மெய்நிகர் போர் நினைவகம் தனியாக உண்டு. பிறைஸ் விழுந்த கிராமத்தில் கால்வாயின் மேலுள்ள நடைபாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், அதையும் பார்க்கலாம். ஊருக்குப் போகிறவர்கள், திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் போகும்போது இதே ஆணையம் பராமரிக்கும் மயானம் ஒன்றைக் காண்பார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பேருந்தில் எத்தனையோ தரம் கடந்து போயும் நாங்கள் ஒருநாள்கூட இறங்கிப் பார்த்ததில்லை.