ஒட்டுத்தாளுக்கு அடியில் ஒரு பெயர்

வரலாறு ஆவணக் காப்பகத்தில் மட்டும் இல்லை. காயலான் கடையிலும் கிடக்கிறது. 1970களில் வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்க இளைஞர்கள் அங்கேதான் தோண்டினார்கள். 1960களில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடி, விற்காமல் தேங்கிப்போன சோல் இசையின் சின்ன இசைத்தட்டுகள் இவர்களுக்குப் பொக்கிஷம். விகன் கேசினோவில் (1973–81) விடியவிடிய அவற்றுக்கு ஆடினார்கள். சந்தை கழித்துப் போட்டதை இவர்கள் உயிர்ப்பித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியந்தான்.

ஆனால் இந்த மீட்பு களங்கமற்றதா? அரிய தட்டு கிடைத்த டி.ஜே., லேபிள்மேல் தாளை ஒட்டிப் பாடகர் பெயரை மறைப்பார். பொய்ப்பெயர் ஒன்றைச் சொல்வார். போட்டிக்காரன் தேடிப் பிடிச்சிடக் கூடாதே! ஃபிராங்க் வில்சன் 1965இல் மோடவுனுக்குப் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ அங்கே எட்டி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் ஒலித்தது. அன்று கடைக்கே வராத அந்தத் தட்டின் ஒரு பிரதி 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. பழைய தட்டு கைமாறும்போது பாடினவருக்குப் பங்கு கிடையாது.

குளோரியா ஜோன்ஸின் ‘டெயின்ட்டட் லவ்’ 1965இல் தட்டின் பின்பக்கத்தில் வந்து எடுபடாமல் போனது. இந்த அரங்குகள் அதை மீட்டன. 1981இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்ததோ சாஃப்ட் செல் என்ற வெள்ளை இருவர் குழுவின் குரல்.

தட்டைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. பாடினது யார், காசு யாருக்குப் போச்சு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் சேகரிப்பு என்பது இன்னொரு சந்தைதான்.