லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் இறுகிய உறுப்புகளைக் கழற்றுதல்

பல ஆண்டுகள் பயன்பட்ட ரைஃபிளைத் துப்புரவுக்காகவோ பழுது பார்க்கவோ பிரிக்கும்போது சில உறுப்புகள் அசைய மறுக்கும். துருவேறிய திருகாணி, காய்ந்த எண்ணெயில் ஒட்டிப்போன மரக்கட்டை, தோட்டா அறையில் அறுந்து நின்ற பித்தளைக் கூடு ஆகியவற்றைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பது ஆயுதப் பராமரிப்பில் தனிக் கைத்திறன். 1895 முதல் பிரிட்டிஷ் படைகளுக்காகச் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நம் ஊர்க் காவலர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லும் துப்பாக்கி இதுவே. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இதைப் பெருமளவில் செய்தது. 1962 சீனப் போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ற வடிவமும் அங்கே உருவானது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் இதற்கு விடை கொடுத்தது. ஆகவே இன்று கையில் கிடைப்பவற்றில் பல, தாத்தா வயதுள்ளவை.

எந்த வேலைக்கும் முன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். தோட்டாப் பெட்டியைக் கழற்றி, தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டைத் திறந்து, அறையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். போல்ட்டே திறக்கவில்லை என்றால் உள்ளே உயிருள்ள தோட்டா இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்நிலையில் சுத்தியலால் தட்டுவது, சூடேற்றுவது, குழல்வாய் வழியே கம்பியை விட்டு இடிப்பது எதுவும் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துத் ஆயுதம் பழுதுபார்ப்பதில் தேர்ந்த ஆர்மரரிடம் ஒப்படைப்பதே முறை. இந்தியாவில் .303 தடை செய்யப்பட்ட துளை வகையைச் சேர்ந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும்.

இறுகியதற்குக் காரணம் தெரியாமல் பலத்தைக் காட்டுவதால்தான் பெரும்பாலான சேதம் நேர்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். மரைகளுக்கு இடையே அது உண்டாகும்போது திருகாணி ஆப்பு வைத்ததுபோல் நெருக்கப்படுகிறது. பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது விட்டுச்செல்லும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, குழலிலும் போல்ட் முகப்பிலும் துருவை விதைக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றினார்கள். மரக்கட்டைகளுக்குப் பூசிய ஆளி விதை எண்ணெய் வேறொரு வகை. அது காற்றுப் பட்டு வார்னிஷ் போல் இறுகி, மரத்தையும் இரும்பையும் பசைபோட்டதுபோல் பிணைத்துவிடும். கிடங்கில் வைப்பதற்காகத் தடவிய பாதுகாப்புக் கிரீஸும் ஆண்டுகள் போகப் போக மெழுகாகிவிடும். மெழுகான கிரீஸுக்கு மண்ணெண்ணெயும் இளஞ்சூடும் போதும். துருவுக்கு இடுக்கில் ஊறும் மெல்லிய எண்ணெயும் நேரமும் வேண்டும். ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பலனில்லை.

திருகாணியைப் பொறுத்தவரை பாதி வேலை திருப்புளியைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிகிறது. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். அது திருகாணித் தலையிலுள்ள வெட்டின் மேல் விளிம்பை மட்டுமே தொடும். அழுத்தித் திருகியதும் முனை மேலே ஏறி வழுக்கும், விளிம்பு மழுங்கும், தலையைச் சுற்றியுள்ள நீலப் பூச்சில் கீறல் விழும். துப்பாக்கி வேலைக்கான திருப்புளியில் முனையின் இரு பக்கமும் இணையாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். அகலமும் தடிமனும் வெட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தி, முனை அடிவரை உட்கார வேண்டும். முதலில் வெட்டில் அடைந்த அழுக்கை ஊசியால் சுரண்டி எடுத்து, மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் திருப்புளியை நிறுத்தி அதன் தலையில் சிறு சுத்தியலால் சில தட்டு. அந்த அதிர்வு துருவின் பிடியை உடைக்கும். பிறகு உடனே கழற்ற முயலாமல், முடுக்கும் பக்கம் மயிரிழை அளவு திருப்பிவிட்டுக் கழற்றும் பக்கம் திருப்பினால் பெரும்பாலும் இளகும்.

அப்போதும் அசையாவிட்டால் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பின் முனையைத் திருகாணித் தலையில் சில நிமிடம் வைக்கலாம். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குவதால் துருப்பிணைப்பு விடும். நெருப்புச் சுவாலையை மட்டும் அண்டவிடக் கூடாது. துப்பாக்கியின் உடற்பகுதியும் வில்களும் குறிப்பிட்ட வெப்பத்தில் பதம் பிடிக்கப்பட்டவை. பதம் கெட்டால் வெளியே தெரியாது. எஃகின் பதம் எவ்வளவு நுட்பமானது என்பதை அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள் காட்டியது. அங்கே தொழிலாளர்கள் எஃகின் சூட்டை நிறம் பார்த்தே கணித்தார்கள். அளவு மீறிச் சூடான உடற்பகுதிகள் நொறுங்கும் தன்மை பெற்றன. சுடும்போது சில வெடித்தே சிதறின. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தவற்றுள் 8,00,000க்குக் கீழ் எண்ணுள்ளவற்றைச் சுட வேண்டாம் என்று இன்றும் எச்சரிப்பது இதனால்தான்.

லீ-என்ஃபீல்டுக்கே உரிய கண்ணி ஒன்று உண்டு. 1907இல் வந்த மார்க் 3 வகையில் அடிக்கட்டையை உடற்பகுதியோடு பிணைப்பது, கட்டைக்குள்ளேயே ஓடும் நீண்ட திருகாணி. அது தானாகத் தளராதிருக்க, அதன் முன்முனையைச் சதுரமாக்கி, முன்கட்டையின் பின்புறத்தில் பதித்த சிறு இரும்புத் தகட்டின் பள்ளத்தில் பொருத்தினார்கள். முன்கட்டையைக் கழற்றாமல் இந்தத் திருகாணியைத் திருப்பினால் சதுரமுனை தகட்டைத் திருக, தகடு மரத்தைப் பிளந்துவிடும். இறுகிப்போயிருக்கிறது என்று நினைத்து மேலும் பலம் கொடுத்தவர்கள் உடைத்த முன்கட்டைகள் ஏராளம். உண்மையில் அங்கே எதுவும் இறுகியிருக்கவில்லை, வரிசைதான் தவறு. முன்கட்டை முதலில், அடிக்கட்டை கடைசியில்.

அடிக்கட்டைக்கு வந்தபின்னும் அவசரம் ஆகாது. பித்தளை அடித்தட்டின் மூடியைத் திறந்து, எண்ணெய்க் குப்பியையும் குழல் துடைக்கும் கயிற்றையும் வெளியே எடுத்தபின், உள்ளே திருகாணித் தலைக்கு மேல் தோல் வில்லை ஒன்று அமுங்கிக் கிடக்கும். வளைத்த கம்பியால் அதை முதலில் இழுத்தெடுக்க வேண்டும். அதன் மேலேயே திருப்புளியை வைத்தால் முனை வழுக்கிப் பக்கவாட்டில் பாய்ந்து, கட்டையை உள்ளிருந்தே பிளக்கும்.

தோட்டா அறையில் கூடு அறுந்து நிற்பதும் லீ-என்ஃபீல்டில் அடிக்கடி நேரும் கோளாறு. இதன் போல்ட் பூட்டும் கொண்டிகள் பின்புறத்தில் இருப்பதால் சுடும்போது உடற்பகுதி சிறிது இழுபடுகிறது. தோட்டாக் கூடும் நீள்கிறது. மறுபடி மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்திய கூடு அடிப்பகுதிக்குச் சற்று மேலே அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா பாதியில் நின்று போல்ட் மூடாமல் போவது இதன் அறிகுறி. இதற்கென்றே சிறு கருவி உண்டு. அதைத் தோட்டா போல அறைக்குள் விட்டுப் போல்ட்டை மூடினால் அதன் முன்விளிம்பு கூட்டின் வாயைத் தாண்டி விரிந்து பிடிக்கும். போல்ட்டைத் திறக்கும்போது கூடும் சேர்ந்து வரும்.

எல்லா முயற்சியும் தோற்றால்தான் திருகாணியைத் துளையிட்டு எடுப்பது. நடுவில் குறி வைத்து, இடப்பக்கம் சுழலும் துளைப்பு ஊசியைப் பயன்படுத்தினால் துளையிடும் விசையே சில வேளை திருகாணியைக் கழற்றிவிடும். வெளியே வந்ததும் புதிய மெட்ரிக் திருகாணி போடலாம் என்று எண்ணக் கூடாது. லீ-என்ஃபீல்டின் மரைகள் அங்குல அளவுக் கணக்கில் அமைந்தவை, மெட்ரிக் மரையோடு ஒட்டா. துளையை மெட்ரிக்குக்கு மாற்றி மரை வெட்டினால் அசல் உறுப்பு இனி எந்நாளும் பொருந்தாது. அதே வகையில் கழிக்கப்பட்ட இன்னொரு ரைஃபிளின் திருகாணியைத் தேடிப் போடுவதே வழி. கிடைக்கும்வரை ஓட்டையை மெழுகால் அடைத்து, ரைஃபிளைச் சுடாமல் வைத்திருக்க வேண்டும்.