பேரிடர்காலக் குழந்தைப் பாதுகாப்பு

பேரிடர்காலக் குழந்தைப் பாதுகாப்பு என்பது இயற்கைச் சீற்றம், போர், தொழிற்சாலை விபத்து, கொள்ளைநோய் முதலியவற்றால் ஒரு பகுதியின் இயல்பு வாழ்க்கை குலையும்போது, அங்குள்ள 18 வயது நிரம்பாதவர்களை வன்முறை, சுரண்டல், கடத்தல், புறக்கணிப்பு, குடும்பப் பிரிவு ஆகியவற்றிலிருந்து காக்கும் பணிகளைக் குறிக்கும். உணவு, மருந்து, குடிநீர் வழங்கும் துயர்தணிப்புப் பணிகளுடன் சேர்ந்தே நடைபெறினும் இது தனித் துறையாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் இத்துறை பரவலாக அறியப்பட்டது 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரே எனலாம். வடசென்னையின் எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர்க் கடற்கரைப் பகுதி, ஒரே குழந்தைகள் பல வகைப் பேரிடர்களை அடுத்தடுத்துச் சந்திக்கும் இடமாக இருப்பதால் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

முதல் உலகப் போருக்குப் பின் பட்டினியால் வாடிய ஐரோப்பியக் குழந்தைகளுக்காக எக்லன்டைன் ஜெப் 1919 இல் இலண்டனில் சேவ் த சில்ரன் அமைப்பைத் தொடங்கினார். அவர் வரைந்த குழந்தை உரிமைச் சாற்றுரையை உலக நாடுகள் சங்கம் 1924 இல் ஏற்றுக்கொண்டது. இடர்க் காலத்தில் உதவி முதலில் குழந்தைக்கே சென்று சேர வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946 இல் யுனிசெஃப் உருவானது. 1989 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 இல் இணைந்தது. இத்துறைக்கெனத் தனியான குறைந்தபட்சத் தரவரையறைகள் 2012 இல்தான் வெளியாயின. 2019 இல் அவை திருத்தப்பட்டன.

குடும்பப் பிரிவும் தத்தெடுப்பும்

பேரிடருக்குப் பின் தனியாகக் காணப்படும் குழந்தை அனாதை என்று முடிவு செய்துவிடுவது பொதுவாக நிகழும் பிழையாகும். பெற்றோர் வேறொரு முகாமிலோ மருத்துவமனையிலோ இருக்கக்கூடும். அவர்கள் இல்லையெனினும் பாட்டியோ சித்தப்பாவோ தேடிக்கொண்டிருக்கலாம். எனவே எந்தப் பெரியவரும் உடனில்லாத குழந்தை, பெற்றோரைப் பிரிந்து உறவினருடன் உள்ள குழந்தை, இருவரையும் உறுதியாக இழந்த குழந்தை எனத் தனித்தனியே பதிவு செய்யப்படுகிறது. கண்டெடுத்த இடம், நேரம், அணிந்திருந்த உடை, குழந்தை சொல்லும் பெயர்கள் ஆகியன குறிக்கப்படும். பேசத் தெரியாத குழந்தைக்கு உடையே பல நேரங்களில் முகவரி.

தேடல் முடியும் வரை தத்தெடுப்பை நிறுத்தி வைப்பது பன்னாட்டு வழக்கம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியா, 16 வயதுக்குட்பட்டோரை ஆச்சே மாகாணத்திலிருந்து வெளியே கொண்டு செல்லத் தடை விதித்தது. இலங்கை 2005 இல் தனிச் சட்டம் இயற்றி, பெற்றோரை இழந்த சிறுவர்களின் வளர்ப்புப் பொறுப்பைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் மேற்பார்வையில் வைத்தது. கல்முனை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு "குழந்தை 81" என அறியப்பட்ட ஆண் குழந்தை, 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனைக்குப் பின்னரே பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒன்பது தம்பதியர் அக்குழந்தைக்கு உரிமை கோரியதாக அப்போது பரவிய செய்தி பின்னர் ஐயத்துக்குள்ளானது. இத்தகைய செய்திகளைச் சரிபார்க்காமல் பரப்புவதும் குழந்தைக்குத் தீங்கானதே.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் ஆழிப்பேரலையில் இறந்தனர். அவர்களுள் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அங்கு அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் இயங்கியது. கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களிலும் அரசு காப்பகங்கள் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் பேரிடர்காலக் குழந்தைப் பாதுகாப்பு என்றதும் பலருக்கும் காப்பகம் நினைவுக்கு வருவதற்கு நாகப்பட்டினமே காரணம்.

எண்ணூர்ப் பகுதி

எண்ணூர்ப் பகுதியின் நிலை வேறாக இருந்தது. இங்கு உயிரிழப்பு நாகப்பட்டினத்தை விடப் பெரிதும் குறைவு. வீடும் படகும் வலையும் இழந்த குடும்பங்களே மிகுதி. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டதிலிருந்து அதன் வடக்கே கடலரிப்பு தொடர்ந்து வருவதால், கடலிடம் வீட்டை இழப்பது இக்குப்பங்களுக்கு 2004 இல் புதிதாக வந்ததன்று. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பெற்றோர் இருந்தனர். பெற்றோருக்குத்தான் தொழிலும் இடமும் இல்லாமற் போயின. ஆகவே காப்பகத்தை மையமாகக் கொண்ட ஏற்பாடு இப்பகுதிக்குப் பொருந்தவில்லை.

வீடிழந்தோர் பலர் திருவொற்றியூரில் கார்கில் நகர் எனப்பட்ட இடத்தில் தற்காலிகக் குடியிருப்புகளில் தங்க வைக்கப்பட்டனர். தாழ்வான அந்நிலத்தில் 2005 பருவமழையின்போது வெள்ளம் புகுந்தது. பின்னர் எர்ணாவூர்ப் பகுதியில் நிரந்தரக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. கரையில் வலை உலரும் இடத்திலேயே வீடு இருந்தவரை, தாய் மீன் விற்கப் போனாலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் உறவினர் இருந்தனர். இடமாற்றத்தில் முதலில் சிதறுவது இந்த அண்டை உறவாகும். எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இதற்கு இடமில்லை.

2007 சனவரியில், எர்ணாவூர் ஆழிப்பேரலைக் குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள் பலர் கடன் சுமையால் தம் சிறுநீரகத்தை விற்றிருந்தமை வெளிவந்தது. இது உடலுறுப்பு வணிகம் பற்றிய செய்தியாகவே பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் ஒரு தாய் சிறுநீரகத்தை விற்கும் வீட்டில் குழந்தையின் உணவும் படிப்பும் எந்நிலையில் இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். குடும்பத்தின் வாழ்வாதாரத்தை மீட்பதும் குழந்தைப் பாதுகாப்பின் ஒரு பகுதியே என இன்றைய தரவரையறைகள் கூறுவதற்கு இது நேரடியான சான்று.

நிர்வாக எல்லையும் கவனிக்கத்தக்கது. 2004 இல் இராயபுரம் சென்னை மாவட்டத்திலும், திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்தன. ஒரே கடற்கரையில் சில கிலோமீட்டர் இடம்பெயர்ந்த குடும்பம் மாவட்டம் மாற நேர்ந்தது. இப்பகுதிகள் 2011 இல் சென்னை மாநகராட்சியுடனும், 2018 இல் சென்னை மாவட்டத்துடனும் இணைக்கப்பட்டன.

தொழிற்சாலைப் பேரிடர்கள்

மணலி, எண்ணூர் வட்டாரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம், உர ஆலை, அனல் மின் நிலையங்கள், துறைமுகம் ஆகியன நெருக்கமாக அமைந்துள்ளன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் வெள்ளத்துடன் எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குப்பங்களில் படிந்தது. அதே மாதம் 26 ஆம் நாள், ஆழிப்பேரலையின் 19 ஆம் ஆண்டு நிறைவன்று நள்ளிரவையொட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் இருளில் வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் மாணவர்கள் பலர் மயங்கினர். நவம்பர் 4 அன்று பள்ளி மீண்டும் திறக்கப்பட்டபோது சிலருக்கு அதே பாதிப்பு ஏற்பட்டது.

உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரை விட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. ஆகவே அதே நெடியில் அதற்குப் பாதிப்பு மிகுதி. அம்மோனியா நீரில் எளிதில் கரைவதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வது பயன்தரும். இதனைச் சிறுவர்கள் முன்பே அறிந்திருந்தால்தான் நள்ளிரவில் நினைவுக்கு வரும். போபால் விபத்துக்குப் பின் வந்த 1989 ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகளின்படி, ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வகுத்து ஒத்திகை நடத்த வேண்டும். பள்ளி நேரத்தில் கசிவு நேர்ந்தால் குழந்தைகளை யார், எங்கு, யாரிடம் ஒப்படைப்பது என்பது அத்திட்டத்தில் எழுதப்படாவிடில், பெற்றோர் ஒவ்வொருவரும் கசிவை நோக்கியே ஓடி வருவர்.

சட்டநிலை

இளைஞர் நீதிச் சட்டம், 2015, ஆயுதப் போராட்டம், உள்நாட்டுக் கலவரம், இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட குழந்தையை "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என வகைப்படுத்துகிறது. தொழிற்சாலை விபத்து இவ்வரிசையில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. பிற உட்பிரிவுகள் பொருந்தும்போதே அத்தகைய குழந்தை இவ்வகைக்குள் வரும். எண்ணூர் போன்ற ஊருக்கு இது சிறிய விடுபாடன்று.

தனியாகக் காணப்படும் குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது கட்டாயமாகும். குழந்தை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். சட்ட நடைமுறைக்கு வெளியே குழந்தையைத் தத்தெடுப்பதும் கொடுப்பதும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1098 வழியாக எந்நேரமும் தகவல் தரலாம். இச்சேவையை 112 அவசர உதவி எண்ணுடன் இணைக்கும் பணி 2023 இல் தொடங்கியது.