ஊமத்தைப் புகையும் மூச்சு மருந்தும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத் தீவிலும், தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியிலும் ஊமத்தையை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. சாலையோரத்திலும் பாழ்நிலத்திலும் அது தானே முளைக்கும். சிவன் கோயில்களில் அதன் மலர் பூசைக்குரியது. அரபு மருத்துவ நூல்களோ அதனை ‘ஜவ்ஸ் மாஸில்’ என்று பெயரிட்டு, நஞ்சென எச்சரிக்கின்றன. மூச்சுக்குழலைத் திறக்கும் மருந்துகளின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் இச்செடியில்தான் தொடங்குகிறது.

ஈளைநோயை அரபு மருத்துவர்கள் ‘ரப்வு’ என்றனர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன் இந்நோய்க்கென்றே அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினார். உணவு, உறக்கம், காற்று ஆகியவற்றைச் சீர்படுத்துவதே அதில் முதன்மை பெற்றது.

1801இல் கருநாடக ஆட்சி கும்பினியார் வசமானபோது திருச்சிராப்பள்ளியும் அவர்கள் கைக்குச் சென்றது. மறு ஆண்டு, 1802இல், சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் பரிந்துரைத்த ஊமத்தைப் புகை முறையை ஜெனரல் ஜென்ட் என்பார் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அங்குள்ளோர் தம் நாட்டில் விளைந்த வேறோர் ஊமத்தை வகையைக் கொண்டு அதனைப் பின்பற்றினர். பின்னர் ஈளைநோய்ச் சுருட்டுகள் மருந்துக் கடைகளில் விற்பனையாயின. இந்நாட்டு வழக்கத்திலிருந்து பெறப்பட்ட இம்முறையில் ஆண்டர்சன், ஜென்ட் எனும் பெயர்கள் நிலைத்தன; அவர்களுக்குக் கற்பித்தவர் பெயர் நிலைக்கவில்லை.

புகை எவ்வாறு பயன்பட்டது? மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள தசைகளை நரம்புகள் ‘அசிட்டைல்கோலின்’ என்னும் பொருளால் சுருங்கச் செய்கின்றன. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் போன்ற பொருள்கள் அச்செய்தியைத் தடுக்கின்றன. தசை தளர்கிறது, குழல் விரிகிறது. ஆனால் இலைக்கு இலை நஞ்சின் அளவு வேறுபடும். அளவு மீறினால் வாய் உலரும், பார்வை மங்கும், அறிவு தடுமாறும், உயிரும் போகலாம். ஆகவே இதனை வீட்டில் முயல்வது பெருந்தவறாகும்.

1830களில் ஐரோப்பிய வேதியியலார் அட்ரோபினைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த இப்ராட்ரோபியம், உடலில் அதிகம் பரவாது நுரையீரலிலேயே வேலை செய்கிறது. 1960களின் இறுதியில் அறிமுகமான சால்புடமால் வேறு வழியில், அட்ரினலின் வேலை செய்யும் ஏற்பிகளின் மூலம், சில நிமிடங்களில் தசையைத் தளர்த்துகிறது. ஆயினும் குழலைத் திறப்பது மட்டும் போதாது. உள்ளேயுள்ள அழற்சியை அடக்க, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் வேண்டும். ‘கினா’ எனும் உலக வழிகாட்டுக் குழு, விரைவாகக் குழலை விரிக்கும் மருந்தை மட்டும் தனித்துப் பயன்படுத்துவதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

இவ்வரலாற்றைப் படிப்போர் இரு தவறான முடிவுகளுக்கு வரக்கூடும். ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்பது ஒன்று. ‘எல்லாம் மேலை நாட்டார் தந்ததே’ என்பது மற்றொன்று. செடியின் பயனை அறிந்தவர் இந்நாட்டார். நஞ்சை அளந்து, உயிர்காக்கும் அளவைக் கண்டவர் பிற்காலத்து வேதியியலார். இன்றும் நம்மில் சிலர், இன்ஹேலரைக் கண்டு அஞ்சி மருந்தை ஒதுக்கிவிட்டுப் பச்சிலைப் புகையை நாடுகின்றனர். அவர்கள் நாடுவது தொன்மையை அன்று. அளக்கப்படாத நஞ்சையே ஆகும்.