அலாஸ்காவில் வேட்டை வழிகாட்டி

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பெருவிலங்கு வேட்டையைக் காசுக்கு நடத்தித்தரும் உரிமம் பெற்றவர். பழுப்புக் கரடி, டால் காட்டுச் செம்மறி, மலையாடு ஆகிய மூன்றையும் வேட்டையாட வரும் வெளிமாநில அமெரிக்கர், வழிகாட்டியோடோ 19 வயது நிரம்பிய உள்ளூர் நெருங்கிய உறவினரோடோதான் போகவேண்டும். அண்ணன், தம்பி, மாமனார், மைத்துனர் செல்லும். சித்தப்பாவும் தாய்மாமனும் செல்லாது! வெளிநாட்டவருக்கு எந்தப் பெருவிலங்கானாலும் வழிகாட்டி கட்டாயம்.

உரிமங்களை மாநில வாரியம் ஒன்று வழங்குகிறது. வேட்டைக்கு ஒப்பந்தம் போடும் உரிமை பதிவுபெற்ற வழிகாட்டிக்கே உண்டு. உதவி வழிகாட்டி அவருக்குக் கீழே வேலை செய்பவர். சிறு விமானத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் போக்குவரத்து உரிமக்காரர் வழிகாட்டியாகச் செயல்பட முடியாது. கட்டணம் குறைவு என்று அவரிடம் போய் ஏமாறுவோர் உண்டு.

பதிவுபெற்ற வழிகாட்டி ஒரே நேரத்தில் மூன்று வழிகாட்டிப் பகுதிகளுக்கு மேல் பதிந்துகொண்டு தொழில் நடத்த முடியாது. ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது, நாம் போகும் பகுதி அவருடைய பதிவில் இருக்கிறதா என்பதே. கூடவே வரப்போவது அவரா, உதவியாளரா? முன்பணம் திரும்புமா? இறைச்சியைச் சுமந்து வருவது யார்? செம்மறி, மலையாடு ஆகியவற்றின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது அங்கே குற்றம். எல்லாம் எழுத்து ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். வெறுங்கையோடு திரும்பிய பழைய வாடிக்கையாளரிடமும் பேசிப்பார்ப்பது நல்லது. விலங்கு நிச்சயம் கிடைக்கும் என்று உறுதி சொல்பவரைத் தவிர்த்துவிடலாம்.